டயலிசிஸ் முடிந்து வெளியே வருபவருக்கு வாகனம் எங்கே நிற்கிறது?

வாசகர் கேள்வி: "ஐயா, நான் வடமாகாணச் சுகாதாரத் துறையில் திட்டமிடல் பக்கம் வேலை செய்கிறேன். பெயரும் இடமும் வேண்டாம். டயலிசிஸ், புற்றுநோய், பாரிசவாதக் கிளினிக்குகளுக்கு வரமுடியாமல் இருக்கும் நோயாளரை வீட்டிலிருந்து கூட்டிவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவதற்குத் தனியார் வான்களை ஒப்பந்தத்தில் எடுக்க யோசிக்கிறோம். கேள்விப்பத்திரம் (டெண்டர்) எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. முன்பு ஒருதரம் சின்ன அளவில் செய்து பார்த்தது ஆறு மாதத்தில் நின்றுபோய்விட்டது. நோயாளரும் ஏசினார்கள், வான்காரரும் ஏசினார்கள். இதற்கிடையில் வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கம் ஒன்று மூன்று அம்புலன்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? கிலோமீற்றருக்கு என்ன விலை போடுவது? எங்கிருந்து தொடங்குவது?"

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். டயலிசிஸ் அறை வாசலில் இருந்து தொடங்குங்கள். காலையில் நோயாளர் உள்ளே போகிற நேரத்தில் போகவேண்டாம். நாலு மணித்தியாலம் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்து முடிந்து வெளியே வருகிற நேரத்தில் போய், அங்குள்ள வாங்கில் ஒரு மணித்தியாலம் இருங்கள்.

என் சின்னம்மா வடமராட்சியில் இருந்து கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸுக்குப் போய்வந்தவர். போவதில் பிரச்சினை இருக்கவில்லை. விடிய நாலரைக்கு எழும்பி ஆயத்தமாகிவிடுவார், தெரிந்த வான்காரர் ஒருவர் நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். முடிந்து வெளியே வரும்போதுதான் கஷ்டம். இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், காலில் நரம்பு இழுக்கும், ஊசி குத்திய கையில் ஒட்டிய துணி நனைகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் வான் வேறொரு ஹயரில் கிளிநொச்சியில் நிற்கும். ஒருநாள் இரண்டரை மணித்தியாலம் வாங்கிலேயே சுருண்டு படுத்திருந்தார். அடுத்த தவணைக்கு, "எனக்கு ஏலாது, நான் போகேல்லை" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளில் மூச்சு இழுத்து, அவசரமாக வாட்டில் சேர்க்கவேண்டி வந்தது.

அந்த வான்காரரை நான் குறை சொல்லமாட்டேன். காத்து நின்ற நேரத்துக்கு நாங்கள் அவருக்குக் காசு கொடுக்கவில்லை. போன தூரத்துக்கும் வந்த தூரத்துக்கும் மட்டும் கொடுத்தோம். அப்படிக் கொடுத்தால் நாலு மணித்தியாலம் மதிலோரம் நிற்க எந்தச் சாரதிக்குக் கட்டும்?

உங்கள் பழைய முயற்சி நின்றதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டிருப்பீர்கள். கூட்டிவரும் பயணத்துக்கு ஒரு நேரம் உண்டு, ஆறு மணிக்கு இயந்திரம் என்றால் ஆறு மணிக்கு ஆள் நிற்கவேண்டும். திரும்பும் பயணத்துக்கு நிச்சயமான நேரம் கிடையாது. இயந்திரம் பிந்தித் தொடங்கும், அழுத்தம் விழுந்தால் இடையில் நிறுத்துவார்கள், ஊசி இழுத்த இடத்தில் இரத்தம் நிற்க நேரமெடுக்கும். கிளினிக் என்றால் டொக்டரைப் பார்த்த பிறகும் மருந்து எடுக்கும் வரிசை இருக்கிறது. அந்த நிச்சயமில்லாத நேரத்தின் செலவை ஒப்பந்தம் யார் தலையில் போடுகிறது என்பதுதான் முக்கியம். சாரதியின் தலையில் போட்டால் அவர் வேறு ஹயருக்குப் போவார், அது சுற்றிவந்து நோயாளியின் தலையில் விழும். சுகாதாரத் துறை அதை ஏற்றுக்கொண்டு, காத்திருப்பையும் காசு கொடுத்து வாங்கவேண்டும்.

ஆகவே நான் சொல்லும் முறை இது. டயலிசிஸுக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் வாகனத்தை அரைநாள் கணக்கில் எடுங்கள். விடிய ஐந்திலிருந்து பகல் பன்னிரண்டு வரை ஒரு முறை, பன்னிரண்டிலிருந்து மாலை ஏழு வரை இன்னொரு முறை. ஒவ்வொரு முறைக்கும் நிலையான ஒரு தொகை. ஓடினாலும் நின்றாலும் அந்தத் தொகை வரும், அந்த நேரத்தில் வேறு ஹயர் எடுக்கக்கூடாது. எரிபொருளுக்கு மட்டும் ஓடிய தூரத்தைப் பார்த்துத் தனியாகக் கொடுங்கள். "சும்மா நிற்கும் வானுக்குக் காசு கொடுப்பதா?" என்று கணக்காளர் கேட்பார், கணக்காய்வுக்கு வருபவரும் கேட்பார். சும்மா நிற்கவிடத் தேவையில்லை என்பதே பதில். நோயாளர் இயந்திரத்தில் இருக்கும் நாலு மணித்தியாலத்தில் அதே வான், வாட்டிலிருந்து துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் முதியவரைக் கோப்பாயிலோ மானிப்பாயிலோ கொண்டுபோய் விட்டுவரலாம். துண்டு வெட்டியும் போக வழியில்லாமல் பின்னேரம் வரை கட்டிலில் கிடப்பவர்களால் எத்தனை கட்டில் அடைபட்டிருக்கிறது என்று வாட்டுத் தாதியரைக் கேளுங்கள். கணக்காளருக்கான பதில் அங்கேயே கிடைக்கும்.

மற்றக் கிளினிக்குகளுக்கு, மாதம் ஒருதரம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒருதரம் வருபவர்களுக்கு, பயணக் கணக்கில் கொடுக்கலாம். அதிலும் முதல் 30 நிமிடத்துக்குப் பிறகு காத்திருப்புக் கட்டணம் உண்டு என்று எழுதுங்கள். வெறும் ஓட்டத்தையும் மறக்கவேண்டாம். சாவகச்சேரியில் வானை வைத்திருப்பவர் கொடிகாமத்தில் ஆளை ஏற்றப் போகும் தூரமும் அவருக்கு டீசல்தான்.

டீசலைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். 2022 இன் தொடக்கத்தில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபாய். அந்த வருடம் ஜூன் 26 அன்று அது 460 ரூபாய். அதற்குள் ஒரே விலைக்குக் கையெழுத்து வைத்த எந்த வான்காரராலும் ஓடியிருக்க முடியாது, காசு இருந்தாலும் எண்ணெய் கிடைக்கவில்லை. அந்தக் காலம் மனதில் இருப்பதால், விலை மாற்ற விதி இல்லாத ஒப்பந்தத்துக்கு இன்று விலை போடுகிறவர் பயத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடுவார், அந்தப் பயத்தின் விலையை நீங்கள் ஒவ்வொரு மாதமும் கட்டுவீர்கள். கேள்வி முடிவுத் திகதியில் இருந்த எரிபொருள் விலையை அடிப்படையாக எழுதுங்கள். இந்த வகை வாகனம் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். விலை ஏறினால் கூடக் கொடுப்பதும் இறங்கினால் குறைப்பதும் அந்தச் சூத்திரப்படி தானாக நடக்கட்டும், ஒவ்வொரு தடவையும் குழுக் கூட்டி முடிவெடுக்க விடாதீர்கள். தட்டுப்பாடு வந்தால் இந்த வாகனங்களுக்கு அத்தியாவசிய சேவைக்கான எரிபொருள் அனுமதியைத் துறையே பெற்றுக் கொடுக்கும் என்ற வரியும் இருக்கட்டும்.

அதைவிடப் பெரியது நேரத்துக்குக் காசு கொடுப்பது. இங்கே பெரும்பாலான வான்கள் லீசிங்கில் ஓடுகின்றன. மாதத் தவணை இரண்டு தடவை தவறினால் வாகனம் கையில் இருக்காது. மாகாண நிதி பிந்தி வந்ததால் மூன்று, நாலு மாதம் பில் கிடக்கும் என்று தெரிந்தால், நல்ல சாரதி கேள்விப்பத்திரத்தை வாங்கவே மாட்டார். வருபவர் பெரிய முதல் உள்ள ஒருவராக இருப்பார், அவர் அந்தச் சின்ன வான்காரரையே குறைந்த காசுக்குத் துணை ஒப்பந்தத்தில் பிடிப்பார். பில் கிடைத்து 30 நாளுக்குள் கொடுப்பது என்று எழுதி, அதற்கான ஒதுக்கீட்டை வருடத் தொடக்கத்திலேயே தனியாகப் பிரித்து வைக்க வழி பாருங்கள். அதற்கு உங்கள் பணிப்பாளரும் மாகாணக் கணக்காளரும் ஒன்றாக இருந்து கதைக்கவேண்டும், நீங்கள் தனியே செய்யக்கூடிய வேலை இல்லை.

யார் காசு என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1987 இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிரப்பட்டது, ஆனால் போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் இருக்கின்றன. உங்கள் நோயாளி பருத்தித்துறையில் மாகாணத்தின் ஆள், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வாசலைத் தாண்டியதும் மத்திய அரசின் ஆள். அவருக்கு ஒரு உடம்புதான். பயணச் செலவை மாகாணம் ஏற்பது, போதனா வைத்தியசாலை டயலிசிஸ் நேர அட்டவணையைப் பகிர்வது, வாகனம் நிற்க இடம் கொடுப்பது, ஆள் ஆயத்தமான நேரத்தைப் பதிந்து கொடுப்பது. இந்த நாலையும் இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட இரண்டு பக்கக் கடிதமாக எடுத்துவிட்டுத்தான் விலை கோரவேண்டும். அது இல்லாவிட்டால் முதல் கிழமையிலேயே வாசல் காவலாளியோடு சண்டை தொடங்கிவிடும்.

சரி, எத்தனை வாகனம் வேண்டும்? இதை ஊகிக்காமல் மூன்று கிழமை எண்ணுங்கள். கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ் செய்யும் ஒருவருக்கு வருடத்தில் 104 தடவை, போக வர 208 பயணம். மூன்று தரம் என்றால் 312. கதிர்ச் சிகிச்சை கிழமைக்கு ஐந்து நாளாக ஐந்து கிழமை என்றால் 50 பயணம், அதோடு முடிந்தது. ஆக, டயலிசிஸ் நோயாளர் ஆட்கணக்கில் குறைவு, பயணக் கணக்கில் அவர்களே பெரும் பங்கு. அவர்களின் பெயர், விலாசம், நாள், நேரம் எல்லாம் ஏற்கெனவே ஒரு கொப்பியில் இருக்கிறது. அந்தக் கொப்பியையும் யாழ்ப்பாண வரைபடத்தையும் வைத்து ஒரு பின்னேரம் இருந்தாலே பாதித் திட்டம் வந்துவிடும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கதிர்ச் சிகிச்சைக்கு வருபவர்களுக்கும் அதேபோலச் செய்யலாம். முன்பு இதே சிகிச்சைக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகமவுக்கு, ஏறத்தாழ 400 கிலோமீற்றர், போய்வந்த எங்கள் சனத்துக்குத் தெல்லிப்பழை வந்தது பெரிய ஆறுதல். ஆனால் முள்ளியவளையில் இருந்து ஐந்து கிழமை நாளாந்தம் வரவேண்டியவருக்குத் தெல்லிப்பழையும் தூரம்தான். அப்படிப்பட்டவருக்குப் பயணத்தை விட, கிழமை நாட்களில் தங்க ஓர் இடம் கொடுப்பது மலிவு, உடம்புக்கும் நல்லது.

எண்ணும்போது வராதவர்களையும் எண்ணுங்கள். கடந்த மூன்று மாதத்தில் தவணை தவறியவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து ஏன் வரவில்லை என்று கேளுங்கள். செயற்கைக்கால் நிலையங்களிலும் கேட்டுப் பாருங்கள். போரில் காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இங்கே பலர். பஸ் படி ஏறமுடியாது, ஓட்டோவில் நாற்காலியை ஏற்றமுடியாது. படுக்கைப் புண்ணைக் காட்டவேண்டிய கிளினிக்கை அவர்கள் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டிருப்பார்கள். வருகிறவரை மட்டும் எண்ணினால் இவர்களுக்கு உங்கள் திட்டத்தில் இடமே இருக்காது.

தகுதி பற்றி: ஒவ்வொரு பயணத்துக்கும் கிராம சேவையாளரின் கடிதம் கேட்கும் வழியை எடுக்காதீர்கள். தேவைகள் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டும் கெடும். ஒருவருக்கு உடம்பால் பஸ்ஸில் வரமுடியாது, அவருக்கு வாகனம் தேவை. இன்னொருவரால் பஸ்ஸில் வரமுடியும், பஸ் காசு இல்லை, அவருக்குப் போக்குவரத்துப் படி தேவை. முதலாமவருக்கான சான்றை வாட்டு அல்லது கிளினிக் டொக்டர் ஒரு பக்கப் படிவத்தில் கொடுக்கட்டும், ஆறு மாதத்துக்குச் செல்லும்படி. நடப்பவரா, ஒருவர் பிடிக்கவேண்டுமா, சக்கர நாற்காலியா, படுத்த நிலையா, துணைக்கு ஆள் வரவேண்டுமா, தொற்று உண்டா. இந்த விபரங்கள் போதும். டயலிசிஸ் செய்பவருக்குப் படிவமே கேட்கவேண்டாம். இங்கிலாந்தில் நோயாளரைக் கூட்டிவந்து திரும்ப விடும் இந்தச் சேவை வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் பயணங்களைச் செய்கிறது. அங்கே 2021 இல் செய்த மீளாய்வு, வைத்தியசாலையில் டயலிசிஸ் செய்யும் எல்லாருக்கும் போக்குவரத்து உதவி உரியது என்ற முடிவுக்கு வந்தது. நான் அங்கே இந்த வேலையில் இருந்த வருடங்களில், டயலிசிஸ் நோயாளரிடம் திரும்பத் திரும்பத் தகுதி கேட்டுத் தொலைபேசியில் அவர்களை அழவைத்ததைப் பார்த்தவன். இங்கே அதைத் தொடங்கவே வேண்டாம்.

ஒப்பந்தத்தை எப்படிப் பிரிப்பது? மாவட்டம் முழுவதையும் ஒருவரிடம் கொடுக்காதீர்கள். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று நாலு தொகுதியாகப் பிரித்து, இரண்டு மூன்று வான் வைத்திருப்பவரும் கேட்கக்கூடிய அளவில் வையுங்கள். ஊரை அறிந்தவர் ஓடுவார், மழைக்காலத்தில் எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும் என்று அவருக்கே தெரியும்.

தீவகத்தை மட்டும் தனியாக யோசிக்கவேண்டும். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை தரைவழி, அது தூரம்தான், பிரச்சினை இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு கடல்வழி. நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், அதன் பிறகு யாழ்ப்பாணத்துக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் றோட்டு. இதைக் கிலோமீற்றர் விலையில் போட்டால் எவரும் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் கார்த்திகை, மார்கழியில் கடல் எழும்பும்போது விட்டுவிட்டுப் போவார்கள். நாள்வாடகையில் போடுங்கள். வானின் நேரத்தைப் படகின் நேரத்தோடு கட்டுங்கள். படகிலிருந்து இறங்குதுறைக்குத் தூக்கி ஏற்ற இருவர் கைகொடுக்கவேண்டும், அந்தக் கூலியையும் கணக்கில் சேருங்கள். படகு ஓடாத நாளில் நோயாளி யாழ்ப்பாணத்தில் தங்கும் செலவு எந்தத் தலைப்பில் வரும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள், அந்த நாள் நிச்சயம் வரும்.

தீவகத்துக்கு வாகனத்தை விடப் பெரிய உதவி, கிளினிக் நேரத்தை மாற்றுவது. விடிய ஏழு மணிக்கு நம்பர் எடுக்கவேண்டும் என்றால் நெடுந்தீவுக்காரர் முதல் நாளே வந்து எங்காவது படுக்கவேண்டும். பதினொரு மணிக்கு அவர்களுக்கென்று பத்து நம்பர் ஒதுக்கினால் அன்றே வந்து அன்றே திரும்பலாம். அழுத்தம், சீனி வருத்தக்காரருக்கு மாதா மாதம் மருந்து மட்டும் எடுக்க வரும் பயணங்களையும் பாருங்கள். 2020 இல் கொரோனாக் காலத்தில் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினோமே, அந்த ஒழுங்கு எப்படி நடந்தது என்று உங்கள் அலுவலகத்திலேயே பலருக்கு நினைவிருக்கும்.

வாகனம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் பலர் அதிகம் கேட்டு விலையை ஏற்றுவார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தேவை, சரிந்து இருக்கக்கூடிய ஆசனமும் ஏறுவதற்கு ஒரு தாழ்ந்த படியும்தான். எங்கள் வான்களின் படி உயரம், முழங்கால் நோவுள்ள ஒரு அம்மாவுக்கு அது மலை. மரத்தில் ஒரு துணைப்படி செய்து வைத்தால் போதும். சக்கர நாற்காலி ஏற்றும் வாகனத்தில் நாற்காலியை நாலு மூலையிலும் தரையோடு பிணைக்கும் பட்டி கட்டாயம், ஆளுக்கு வேறு பட்டி. ஆளைத் தூக்கி ஆசனத்தில் வைத்துவிட்டு நாற்காலியை மடித்து மேலே கட்டுவதை ஒத்துக்கொள்ளவேண்டாம். குளிரூட்டி வேலை செய்யவேண்டும், சித்திரை, வைகாசி வெயிலில் அழுத்தம் இறங்கிய ஆள் மயங்கிவிடுவார். கீமோதெரபி எடுப்பவரை இருமலோடு வருபவருக்குப் பக்கத்தில் ஏற்றக்கூடாது. சாரதிக்கு முதலுதவி, தூக்கி இறக்கும் முறை, இரத்தம் கசிந்தால் எப்படி அழுத்திப் பிடிப்பது, எப்போது வண்டியை நிறுத்தி 1990 அவசர அம்புலன்ஸுக்கு எடுப்பது என்று இரண்டு நாள் பயிற்சி. பயணிகளுக்கான காப்புறுதி உண்டா என்று பத்திரத்தை நேரில் பாருங்கள், சொல்லை நம்பவேண்டாம்.

இனி வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் ஆளைப் பற்றி. அது சாரதியோ முதலாளியோ இல்லை, தொலைபேசியோடு இருக்கும் ஒழுங்கமைப்பாளர். இந்தப் பதவியைத் துறையே வைத்திருக்கவேண்டும், ஒப்பந்தகாரரிடம் கொடுக்காதீர்கள். அவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாளைய பட்டியலில் உள்ள எல்லாருக்கும் எடுத்து, "நாளைக்கு வாறீங்களோ?" என்று கேட்கவேண்டும். யாரோ வாட்டில் சேர்ந்திருப்பார், யாரோ மகளின் வீட்டுக்குப் போயிருப்பார். இந்த ஒரு அழைப்பு இல்லாவிட்டால் வான் வெறும் படலைக்கு முன்னால் போய் நிற்கும். அதோடு, வாட்டில் இறந்தவர்களின் விபரம் அன்றன்றே அவருக்கு வரவேண்டும். இங்கிலாந்தில் நான் பார்த்த ஒரு இடத்தில் அந்த ஒழுங்கு இருக்கவில்லை. கணவன் இறந்து மூன்றாம் நாள் வாகனம் வாசலில் வந்து மணி அடித்தது. கதவைத் திறந்த மனைவியின் கடிதத்தை நான்தான் வாசித்தேன். பொறுமையும் நல்ல வாயும் உள்ள ஒருவரை இந்த வேலைக்குத் தேடுங்கள், கணினி தெரிந்தவரைப் பிறகு ஆக்கலாம்.

அளவுகோல்கள் மூன்று போதும். தவணைக்கு முன் வந்து சேர்ந்தாரா, ஆனால் 45 நிமிடத்துக்கு மேல் முந்தி வந்து வாங்கில் இருக்கவில்லையா. ஆயத்தம் என்று தாதி எழுதிய நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் ஏறினாரா. வாகனத்துக்குள் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தாரா. மூன்றாவது அவசியம். ஐந்து பேரை ஏற்றும் ஆசையில் கடைசியாக இறங்குபவரை மாவட்டம் முழுக்கச் சுற்றிக் காட்டிவிடுவார்கள். நேரத்தைத் தாதியின் கொப்பியும் சாரதியின் ரன்னிங் சாட்டும் (ஓட்டப் பதிவும்) தனித்தனியே பதியட்டும், மாத முடிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்டப்பணத்தில் கவனம். சின்ன வான்காரருக்குப் பெரிய தண்டம் போட்டால் அவர் விலகுவார், அல்லது அதையும் விலையில் சேர்ப்பார். மூன்று மாதம் தொடர்ந்து தவறினால் தொகுதியை அடுத்தவருக்கு மாற்றும் உரிமை உங்களிடம் இருந்தால் போதும்.

தொடங்கும் நாளைப் பற்றி ஒரு உண்மைச் சம்பவம். 2016 ஏப்ரலில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், அம்புலன்ஸ் சேவை செய்துவந்த இந்த வேலை ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. பதிவுகளைக் கணினியில் எடுத்துத் துணை ஒப்பந்தகாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர்களுடைய முறை. முதல் நாட்களிலேயே வாகனங்கள் வரவில்லை, டயலிசிஸ் தவறியது, நோயாளர் மணிக்கணக்காக வைத்தியசாலையில் கிடந்தார்கள். துணை ஒப்பந்தகாரர்களுக்குக் காசு போய்ச் சேராத பிரச்சினையும் எழுந்தது. அந்த வருடத்துக்குள்ளேயே அந்த நிறுவனம் விலகுவது முடிவாகி, 2017 இல் வேலை மீண்டும் பொது அம்புலன்ஸ் சேவை ஒன்றிடம் போனது. எனவே நீங்கள் ஒரே நாளில் நாலு தொகுதியையும் தொடங்காதீர்கள். ஒரு டயலிசிஸ் அறை, ஒரு தொகுதி, மூன்று மாதம். வடமராட்சியில் தொடங்கலாம். பருத்தித்துறையில் இருந்து நகரம் ஏறத்தாழ 35 கிலோமீற்றர், தூரமும் உண்டு, றோட்டும் நேர். சிக்கல் எல்லாம் வெளியே வரும், ஆனால் கையாளக்கூடிய அளவில் வரும்.

கடைசியாக அந்த மூன்று அம்புலன்ஸ். ஊர்ச் சங்கத்தாரின் மனதை நோகடிக்காமல் இதைச் சொல்லவேண்டும், அவர்கள் குளிரில் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு அது. ஆனால் டயலிசிஸ் முடிந்தவருக்குத் தேவை ஆசனம், ஒரு அம்புலன்ஸில் ஒரேயொருவரைத்தான் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம். அவசரத்துக்கு 2018 ஜூலையிலிருந்து வடக்கில் 1990 சுவசெரிய இலவசமாக ஓடுகிறது. வைத்தியசாலையிலிருந்து வைத்தியசாலைக்கு மாற்றுவதற்கு உங்கள் ஆதார வைத்தியசாலைகளில் வண்டி இருக்கிறது. அந்த வண்டியை வீடு விடுவதற்கு அனுப்பிவிட்டு, அதே நேரத்தில் ஒரு பிரசவத்தை மாற்றமுடியாமல் நிற்கும் நிலையைத்தான் தவிர்க்கவேண்டும். மேலும், நன்கொடையாக வரும் வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணியில் சாரதி வேண்டும், ரயர் வேண்டும், காப்புறுதி வேண்டும். சாரதிப் பதவி இல்லாமல் வைத்தியசாலைப் பின்வளவில் துருப்பிடிக்கும் வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அவர்களிடம் இப்படிக் கேளுங்கள். மூன்று அம்புலன்ஸின் காசில் சக்கர நாற்காலி ஏற்றும் தளம் பூட்டிய ஒரு வான், மற்றக் காசில் தீவகத் தொகுதியின் இரண்டு வருட ஓட்டச் செலவும், தெல்லிப்பழைக்கு வரும் தூரத்து நோயாளர் தங்க இரண்டு அறையும். காசு வைத்தியசாலையின் அங்கீகரிக்கப்பட்ட கணக்கினூடாக வரட்டும், மாதம் ஒருதரம் எத்தனை பேர் எத்தனை பயணம் போனார்கள் என்று அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள். இரண்டாம் வருட முடிவில் அந்தச் செலவை மாகாணம் எடுக்கும் என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் பழகிப்போன நோயாளரை நடுவழியில் விடவேண்டி வரும்.

எண்ணிய கணக்கு கைக்கு வந்ததும் அனுப்புங்கள். அரைநாள் தொகை எவ்வளவு வரும் என்பதை லீசிங், சாரதி சம்பளம், தேய்மானம் என்று பிரித்து உங்களோடு இருந்து போட்டுத் தருகிறேன். அதற்கிடையில், நெடுந்தீவுக்காரருக்குப் பதினொரு மணி நம்பர் ஒதுக்குவதை இந்தக் கிழமையே கிளினிக் பொறுப்பு டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அதற்குக் கேள்விப்பத்திரம் தேவையில்லை, ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.